ஒனக்குத் தெரியாததா தம்பி?

ஒரு கலையை ஆராய வெளியிலிருந்து ஒருவர் வந்தால் நம் பக்கத்துப் பெரியவர்கள் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, தாத்தா காலத்துக் கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஜப்பானியரான யோஷிதாகா தெராதா, நாகசுர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி ஆராய்ந்து 1992-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ராஜரத்தினம் என்ற ஒரே மனிதரை வெவ்வேறு தரப்பினர் எப்படியெல்லாம் பார்த்தார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்க, வெளியாளாக இருப்பதே ஒரு வசதி. பட்டுக்கோட்டையில் பிறந்து, நாடியம்மன் கோயில் வாசலில் தவில் தூக்கி வளர்ந்தவன் போய்க் கேட்டால் கிடைப்பது ஒரே பதில்: "ஒனக்குத் தெரியாததா தம்பி?"

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது மல்லாரி. சாமி புறப்பாட்டில் முதலில் தவில் அலாரிப்பு முழங்கும். அது முடிந்ததும் நாகசுரம் கம்பீரநாட்டையில் மல்லாரி எடுக்கும். அதற்குப் பாட்டு வரி கிடையாது, தாளக்கட்டே உடம்பு. அபிஷேகத்துக்குத் தண்ணீர் வரும்போது தீர்த்த மல்லாரி, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. ஒரே உருப்படியை மூன்று காலத்திலும் வாசிப்போம். ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்கு எந்த இடத்தில் போவது? என் ஆய்வின் நடுக்கேள்வி அதுதான்.

கேள்விப் படிவம் ஒன்று தயாரித்து, மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு மூத்த தவில்காரரிடம் போனேன். உறவில் பெரியப்பா முறை. முதல் கேள்வியைப் படித்ததுமே வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார். "வாசிச்சிக்கிட்டுத்தானே இருக்கே, எங்கிட்ட என்ன கேக்குறே?" அவருக்கு மறைக்கும் எண்ணம் துளியும் இல்லை. தொழில்காரனிடம் தொழிலை விளக்குவது அவர் பார்வையில் அவனை அவமதிப்பது.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, திண்ணையில் தாளம் போட்டுக்கொண்டு அந்த மல்லாரியின் சொற்கட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் காலம் ஓடியது. வேண்டுமென்றே இரண்டு ஆவர்த்தம் முன்னதாக இரண்டாம் காலத்தை எடுத்தேன். அவர் கை சட்டென்று என் முழங்கையைப் பிடித்தது.

"அங்க எடுக்காதே. சாமி இன்னும் கொடிமரத்தத் தாண்டலே."

எந்தப் படிவத்திலும் வராத பதில் அது. திண்ணையில் சாமியும் இல்லை, கொடிமரமும் இல்லை. ஆனால் அவர் மனசுக்குள் சாமியைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் நடந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவரே பேசினார். மகாமண்டபத்துப் படியில் இறங்கும்போது தோள் கொடுப்பவர்களின் நடை தளரும், அங்கே தவில் நெருக்கக் கூடாது. கோபுர வாசலில் தீபாராதனைக்கு நிற்கும்போது தாளம் நிற்காது, சொற்கட்டு மட்டும் விரியும். தவில்காரனின் கண் நாகசுரக்காரர் முகத்தில் பாதி, சாமி தூக்குகிறவர்களின் பாதத்தில் பாதி.

அன்றிலிருந்து கள ஆய்வுக்கு வாத்தியத்தோடுதான் போனேன். வேறொரு பெரியவர் பழைய வார் பிடித்த தவிலைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். இன்றைக்கு நம் தவில் எல்லாம் இரும்பு வளையமும் போல்ட்டும். ஐப்பசி ஈரத்திலும் தோல் தளராது, நாதம் கூர்மையாகப் பேசும். வார்த் தவிலில் அதே முதல் காலத்தை வாசித்துப் பார்த்தேன். தொப்பியில் குச்சி விழுந்த ஒலி அடங்க நேரம் எடுத்தது. அடுத்த சொல்லுக்கு முன் தானாகவே கை காத்திருந்தது. பழைய வித்வான்களின் முதல் காலம் ஏன் அவ்வளவு நிதானம் என்பதற்கு நான் வைத்திருந்த காரணங்களை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

சிக்கல் இதை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது என்பது. நேர்காணல் என்றால் வினா, விடை, நாள், இடம் என்று பின்னிணைப்பில் போட வழி இருக்கிறது. முழங்கையைப் பிடித்ததை எந்தப் பின்னிணைப்பில் போடுவது? நெறியாளர் பொறுமைசாலி. "நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், சான்று அதுதான்" என்றார். சொற்கட்டை ஒரு வரியாகவும், அதன் கீழே மூலஸ்தான வாசல், மகாமண்டபம், கொடிமரம், கோபுர வாசல் என்று சாமி இருக்கும் இடத்தை இன்னொரு வரியாகவும் எழுத ஆரம்பித்தேன். தாளக்குறி மட்டும் போட்ட பழைய பக்கங்களைக் காட்டியபோது ஒன்றும் சொல்லாத வித்வான்கள், இரண்டு வரி உள்ள பக்கத்தைப் பார்த்ததும் விரல் வைத்துத் திருத்தினார்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் இரண்டாவது வரி மாறியது.

வாசிக்கிறவன் ஆய்வு எழுதினால் நடுநிலை இருக்காது என்று சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. 1970-களில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் ராக ஆலாபனையைப் பற்றியும், பாடகர் எஸ். ராமநாதன் சிலப்பதிகார இசையைப் பற்றியும் ஆய்வேடு எழுதினார்கள். கச்சேரி மேடையை விட்டுவிட்டு அவர்கள் எழுதவில்லை. நம் ஊரில் தடை வேறு மாதிரி. முனைவர் பட்டத்துக்கு விதிப்படி மூன்று ஆண்டு குறைந்தபட்சம், ஆறு ஆண்டு அதிகபட்சம். முகூர்த்த மாதத்தில் மேளக்காரனால் எழுத உட்கார முடியாது. முகூர்த்தம் இல்லாத ஆடியில் அம்மன் கோயில் திருவிழா, மார்கழியில் விடியற்காலைத் திருப்பள்ளியெழுச்சி. மேளக்காரர்களுக்கென்று இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தயங்க மாட்டேன்.

அதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் அற்புதமான ஒரு கோர்வையை வாசித்துக் காட்டினார்கள். "எங்க அய்யா போட்டது. நீ வாசி, எழுதாதே." ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடு ஏறிவிட்டால் உலகமே எடுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ அந்தக் கோர்வை மேடையில் மதிப்பு, பேசும்போது கூலியை உயர்த்திக் கேட்க ஒரு பலம். நான் எழுதவில்லை. அது இல்லாமல் என் நான்காம் இயல் மெலிந்துதான் போனது. வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்டார்கள். குடும்பத்தின் விருப்பம் என்று சொன்னேன், தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நிகழ்கலை ஆய்வில் எதை எழுதினோம் என்பதோடு, யார் கேட்டு எதை விட்டோம் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். என் ஆய்வேட்டில் அந்தப் பக்கம் இருக்கிறது.

இப்போது பேராவூரணிப் பக்கத்துப் பையன் ஒருவன் தேர் மல்லாரியை ஆய்வுக்கு எடுத்திருக்கிறான். நாகசுரக்காரன், ஆகவே அவன் கேட்க வேண்டியதை ஊதித்தான் கேட்கப் போகிறான். தேர் விஷயத்தில் என் இரண்டு வரி போதாது. வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில், முட்டுக்கட்டை போடுகிறவர் தனி. தேர் முனை திரும்பும்போது எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. முட்டுக்கட்டைக்காரருக்கு மூன்றாவதாக ஒரு வரி போட்டுப் பார்க்கிறோம்.