உப்பு தின்ற குழாய்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

வாடகை வீடுகளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. தண்ணீர்க் குழாய் பழுதானால் செலவு யாருடையது? வீட்டுக்காரருடையதா, குடியிருப்பவருடையதா?

எங்கள் ஊராகிய குலசேகரன்பட்டினத்தில் இவ்வழக்கு சற்றுக் கடுமையானது. கடற்காற்றும் உவர்நீரும் இரும்புக்குப் பகை அன்றோ! இரும்புக் குழாயின் மேல் பூசப்பட்ட துத்தநாகம், தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்பை விரைவில் அழித்துவிடும். பிறகு துருவின் ஆட்சிதான். இப்பாடத்தை வகுப்பில் கேட்குமுன்பே எங்கள் அடுக்களைச் சுவரில் கண்டவன் நான்.

சென்ற ஆண்டு தசராவுக்கு முந்திய வாரம் அச்சுவரினுள் இருந்த குழாய் கசியத் தொடங்கியது. முத்தாரம்மன் கோயிலுக்கு உறவினர் வந்து தங்கும் நேரம். "அண்ணாச்சி, சுவரெல்லாம் ஊறிப்போச்சு, குழாயை மாத்தித் தாங்க" என்றார் அம்மா. "புழங்குறது நீங்கதானம்மா, நீங்கதான் பாக்கணும்" என்றார் வீட்டுக்காரர். அவரும் செல்வர் அல்லர். எங்கள் வாடகையில்தான் அவருடைய மருந்துச் செலவும் நடக்கிறது. பத்து நாள் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தோம்.

அப்போதுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். நகர்ப்புறங்களுக்கென 2017-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இப்பொறுப்பை அழகாகப் பங்கிட்டிருக்கிறது. குழாய்களை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், அதன் வாஷர், கழிவுநீர்ப் பாதையின் அடைப்பு, கழிப்பறை, கை கழுவும் தொட்டி ஆகியவற்றின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் தம் பங்கைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கலாகாது. குடியிருப்பவர் மறுத்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இச்சட்டம் சிற்றூர்களுக்கு எட்டாவிடினும் அதன் நியாயம் எட்டும். கை பட்டுத் தேய்வதைப் புழங்குகிறவர் பார்க்க வேண்டும். காலமும் கடலும் தின்பதை உடையவர் பார்க்க வேண்டும். சுவருக்குள் இருக்கும் குழாயை எந்தக் கை தொட்டது?

இதையே அப்பா பணிவாக எடுத்துச் சொன்னார். வீட்டுக்காரர் சற்று யோசித்து இசைந்தார். துருப்பிடிக்காத பிளாஸ்டிக் குழாயை நாங்கள் போட்டுக்கொண்டோம். அந்தச் செலவு மூன்று மாத வாடகையில் கழிந்தது. புது டேப்பின் விலை எங்களுடையது. அதைக் கழிக்க நாங்களும் கேட்கவில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் வேலை தேடி வெளியூர் சென்று வாடகை வீட்டில் குடியேறுவோம். சிலர் பின்னாளில் வீட்டுக்காரராகவும் ஆவோம். எந்தப் பக்கம் நின்றாலும், முன்பணம் கைமாறுமுன் எந்தப் பழுது யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். வாயால் பேசியதை இருவரும் இருவிதமாக நினைவில் வைத்திருப்பர், எழுதியது மாறாது.