தலை எண்ணும் விடுதிகள்

நவம்பர் 10, 2025, திங்கள். டோக்கியோ, உவேனோ

பெட்டியைத் தரையில் திறந்து வைத்தால் குளியலறைக் கதவு திறக்காது. கதவு திறக்க வேண்டுமென்றால் பெட்டி கட்டிலுக்கு ஏற வேண்டும். அறை 12 சதுர மீட்டர். ஜப்பானில் பிசினஸ் ஹோட்டலின் ஒற்றை அறை பெரும்பாலும் இந்த அளவுதான். கட்டில் போட்ட அறைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 9 சதுர மீட்டர். அதற்குள் மேசை, கெட்டில், குளிர்பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் இருக்கின்றன. கட்டில்மேல் மடித்த இரவு உடை ஒன்று, கீழே ஒரு ஜோடி செருப்பு, மேசையில் ஒரு கோப்பை. பல் துலக்கும் பிரஷும் சீப்பும் மட்டும் கீழே வரவேற்பறை மூலையில் அடுக்கியிருக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சட்டம் வந்தபின் பல விடுதிகளில் இப்படித்தான்.

ஒரகடம் தொழிற்சாலைக்காரர்களோடு துபாஷியாக வந்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு ஹோட்டல், எனக்கு இது. இரவு அண்ணன் மகன் செண்டாயிலிருந்து பேசினான். அங்கே மேல்படிப்பு படிக்கிறான்.

“அத்தை, புதன்கிழமை காலைல டோக்கியோல இன்டர்வியூ. நாளைக்குச் சாயங்காலம் பஸ்ல வந்துடறேன். உங்க ரூம்லயே தரையில படுத்துக்கறேன்.”

“கீழ கேட்டுட்டுச் சொல்றேன்டா.”

“ஐயோ, கேக்காதீங்க. கேட்டா முடியாதும்பாங்க. பேசாம லிஃப்ட்ல ஏறிடலாம்.”

முகூர்த்த நாளில் கும்பகோணம் லாட்ஜ் ஒன்றில் டபுள் ரூமில் பதினோரு பேர் படுத்துத் தூங்கிய குடும்பம் எங்களுடையது. அவன் அப்போது கைக்குழந்தை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் அவன் அப்பாதான் படுத்திருந்தார். அந்த ரத்தம் பேசுகிறது.

நவம்பர் 11, செவ்வாய். அதே இடம்

காலையில் முன்மேசையில் கேட்டேன். பையன் புன்னகை மாறாமல், இந்த அறை ஒருவருக்கானது, மன்னிக்க வேண்டும் என்றான். அடுத்த மூச்சிலேயே, இன்று இரவுக்கு இரட்டைக் கட்டில் அறை ஒன்று காலியிருக்கிறது, மாற்றித் தரட்டுமா என்றும் கேட்டான். கூடுதலாக நாலாயிரத்துச் சொச்சம் யென். சரி என்றேன்.

வேடிக்கை பில்லில் இருந்தது. டோக்கியோவில் 2002 முதல் தங்கும் வரி உண்டு. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 10,000 யென் தொட்டால் 100 யென், 15,000 தொட்டால் 200. நேற்று நான் தனியாக 10,400 கொடுத்தபோது 100 யென் வரி விழுந்தது. இன்று வாடகை ஏறியும், இரண்டு தலைக்கு வகுத்தால் தலைக்கு 10,000-க்குள் அடங்கிவிட்டது. வரியே இல்லை. மருமகன் வந்ததால் அரசுக்கு 100 யென் நஷ்டம்.

இங்கே அறைக்கு விலை போடுவது போலத் தோன்றினாலும் உள்ளே ஓடுகிற கணக்கு முழுக்க ஆள் கணக்கு. முன்பதிவிலேயே எத்தனை பேர் என்ற கேள்வி வந்துவிடும்; ஒரே அறைக்கு ஒருவர் என்றால் ஒரு விலை, இருவர் என்றால் வேறு. ‘செமி டபுள்’ என்றொரு வகையுண்டு. கட்டில் 120 சென்டிமீட்டர் அகலம். அதில் ஒருவர் படுக்கலாம், இருவரும் படுக்கலாம் என்பார்கள். இருவர் என்றால் இருவர் விலை. சண்டை போடாத தம்பதிக்குத்தான் அது.

பணத்தை விட்டுத் தள்ளினாலும் சட்டம் நிற்கிறது. 1948-இல் வந்த விடுதித் தொழில் சட்டப்படி தங்குபவர் ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்; விடுதி அதை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பொய்ப் பெயர் எழுதினால் எழுதிய விருந்தாளிக்கே தண்டனை உண்டு. முன்பெல்லாம் தொழிலும் கேட்பார்கள். 2023 டிசம்பரில் தொழிலை எடுத்துவிட்டுத் தொடர்பு எண்ணைச் சேர்த்தார்கள். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் என்றால் நாடும் பாஸ்போர்ட் எண்ணும் கேட்பது 2005 முதல். அதனால் என் பாஸ்போர்ட்டை நகல் எடுத்தார்கள். செண்டாய் முகவரி எழுதிய அவனிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

இதே சட்டத்துக்கு இன்னொரு முகம் இருப்பதை அவனுக்குச் சொன்னேன். அறை காலியிருந்தால், வந்து கேட்பவரைச் சட்டம் சொல்லும் சில காரணங்கள் இல்லாமல் விடுதி திருப்பி அனுப்பக் கூடாது. 2003-இல் குமாமோத்தோ மாவட்டத்து குரோகாவா வெந்நீரூற்று ஊரில், தொழுநோயிலிருந்து குணமான முதியவர்கள் தங்க வருவதை ஒரு ஹோட்டல் மறுத்தது. நாடே கொதித்தது. மாவட்ட நிர்வாகம் அந்த ஹோட்டல் தொழிலை நிறுத்திவைக்க உத்தரவிட்டது, மறு ஆண்டு ஹோட்டல் மூடப்பட்டது. பெயரைச் சொல்லி வந்தவனுக்கு இவ்வளவு காப்பு. பெயர் சொல்லாமல் லிஃப்டில் ஏறியவன் சட்டத்தின் கண்ணில் விருந்தாளியே இல்லை. நான் கேட்கத்தான் வேண்டும் என்று நின்றது அதனால்தான். ஜப்பானியரின் ஒழுங்கைப் பார்த்துப் பயந்து அல்ல.

இன்றைய கூட்டம் அகாசாகாவில். மதியம் வெளியே வந்தபோது ஒரகடத்துக்காரர் ஒருவர் எதிரிலிருந்த கண்ணாடிக் கோபுரத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். புருடென்ஷியல் டவர். அதற்குமுன் அந்த மனையில் இருந்தது ஹோட்டல் நியூ ஜப்பான். 1982 பிப்ரவரி 8 விடியற்காலை ஒன்பதாம் மாடியில் ஒருவர் படுக்கையில் பிடித்த சிகரெட்டிலிருந்து பரவிய தீயில் 33 பேர் செத்தார்கள். தண்ணீர் தெளிக்கும் அமைப்பை முறையாகப் பொருத்தாத முதலாளிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தத் தீ ஆள் கணக்குத் தவறியதால் வந்ததல்ல, பணம் மிச்சம் பிடித்ததால் வந்தது. ஆனாலும் அறைக்கு எத்தனை பேர் என்று தெரியாத கட்டடத்துக்குள் தீயணைப்பு வீரர் எப்படித் தேடுவார் என்று யோசித்தால், முன்மேசைப் பையனின் பிடிவாதம் எனக்குச் சின்னத்தனமாகப் படவில்லை.

மருமகன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “நாலாயிரம் யென் அத்தை. ஒரு வார அரிசி.”

நவம்பர் 12, புதன்

மாடி நடையில் வைத்திருக்கும் கால்சட்டை அழுத்தும் கருவியில் அவன் கறுப்பு சூட்டை மடிப்பு வைத்துக்கொண்டு கிளம்பினான். காலைச் சாப்பாடும் இருவர் கணக்கில் சேர்ந்திருந்தது. மூன்று தட்டு சோறு, நாலு முட்டை. நாலாயிரத்தில் பாதியை அங்கேயே வசூலித்துவிட்டான்.

நவம்பர் 14, வெள்ளி. கியோத்தோ

வேலை முடிந்தது. இனி என் காசு, என் நேரம்.

இருபது வருடம் முன்பு அண்ணா நகரில் எங்கள் தெருவில் குடியிருந்த ஜப்பானிய அக்கா பார்க்க வந்தார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். கையில் இனிப்புப் பொட்டலம். நான் காஞ்சிபுரத்திலிருந்து அவருக்காக வாங்கிவந்த புடவை மேலே அறையில் இருந்தது. விரித்துக் காட்டி, தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கச் சொல்ல வேண்டுமென்று ஆசை.

“மேலே வாங்க அக்கா, அஞ்சு நிமிஷம்.”

“வேண்டாம்மா. இங்கேயே.” தமிழ் இன்னும் அப்படியே இருக்கிறது.

அறையிலிருக்கும் விதிமுறை அட்டையைப் படித்திருந்தேன். வெளியாட்களை அறையில் சந்திப்பதைத் தவிர்க்கவும், வரவேற்பறையைப் பயன்படுத்தவும் என்றிருந்தது. சில விடுதிகளில் இரவு பத்து மணிவரை விடுகிறார்கள், சில இடங்களில் அட்டையைத் தொட்டால்தான் லிஃப்டே நகரும். தங்கும் ஆளுக்குக் காசு கேட்பது நியாயம். அரை மணி நேரம் டீ குடிக்க வரும் எழுபது வயதுக்காரருக்கு என்ன தடை என்று எனக்கு எரிச்சல்தான். அதை அக்காவிடம் சொன்னேன். அவருக்கு விதியைப் பற்றிக் கவலையே இல்லை. விதி இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டார். கட்டில் கிடக்கிற அறைக்கு இன்னொருத்தர் எப்படி வருவது என்று அவர் கேட்டபோதுதான், என் அறையில் கட்டிலைத் தவிர உட்கார இடமே இல்லை என்பது உறைத்தது. அண்ணா நகரில் அவர் எங்கள் வீட்டுப் படுக்கையறைவரை வந்து போனவர். அது உங்கள் ஊர், அங்கே அப்படி என்றார்.

புடவையை வரவேற்பறை சோபாவில் விரித்தோம். முன்மேசைப் பெண்கள் இருவர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி செல்பேசியில் படம்கூட எடுத்துக்கொண்டாள். விதி இல்லாத இடத்தில் எவ்வளவு தாராளம்!

கியோத்தோவிலும் வரி தலைக்குத்தான். 2018 அக்டோபரில் தொடங்கியது. எனக்கு இப்போது ஓர் இரவுக்கு 200 யென். வரும் மார்ச் முதல் இதே அறைக்கு 400. ஓர் இரவுக்கு 1,00,000 யென்னும் அதற்கு மேலும் கொடுத்துத் தங்குபவருக்கு 10,000 யென் வரியாம். அவர்களுக்காக நான் வருந்தப் போவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு. கினோசாக்கி

கியோத்தோவிலிருந்து இரண்டரை மணி நேர ரயில். ஏழு பொதுக் குளியலகங்களுக்குப் பேர்போன ஊர். யுகாத்தா அங்கியும் மரக்கட்டைச் செருப்புமாக ஊரே தெருவில் நடக்கிறது.

பழைய பாணி விடுதியான ரியோக்கானில் தங்கினால் ஆள் கணக்கின் உச்சத்தைப் பார்க்கலாம். விலையே ஆளுக்கு இவ்வளவு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. பாய் அறையில் மாலைவரை படுக்கை இருக்காது. நாம் சாப்பிடப் போகும் நேரத்தில் வந்து ஆளுக்கொரு மெத்தை விரித்துவிட்டுப் போவார்கள். வெந்நீர் வரியும் தலைக்கு, பொதுவாக 150 யென். நண்டுப் பருவம் நவம்பர் 6-ஆம் தேதி தொடங்கிவிட்டது. யாருக்கு எத்தனை நண்டு என்பது சில நாள் முன்பே தீர்மானமாகிவிடும். நான் நண்டு தொடாதவள் என்பதை ஐந்து நாள் முன்பே எழுதிக் கேட்டு, எனக்கு டோஃபு, காளான், கத்தரிக்காய் என்று தனி வரிசை வைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் விடுதி நடத்தும் அம்மாள் முகத்தில் கோபம் வராது, பீதி வரும். பள்ளி சேராத குழந்தை பெற்றோர் படுக்கையிலேயே தூங்கினால் பல இடங்களில் இலவசம். கணக்கில் வராத ஒரே தலை அதுதான்.

நவம்பர் 18, செவ்வாய். ஒசாக்கா

கேப்சூல் ஹோட்டல் பிறந்த ஊர். 1979-இல் கட்டடக் கலைஞர் குரோகாவா கிஷோ வடிவமைத்தது முதலாவது. ஓர் ஆள் நுழைந்து படுக்கும் பெட்டி. விருந்தாளி என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு கோடியில் லவ் ஹோட்டல். சில மணி நேர ஓய்வுக்கு ஒரு விலை, இரவு தங்க ஒரு விலை என்று வாசலிலேயே பலகை. அங்கே விலை அறைக்கு. இந்த நாட்டில் வந்தவர் யார் என்று வாசலில் முகம் பார்த்துக் கேட்காத விடுதி அது ஒன்றுதான் போலிருக்கிறது.

மதியம் கியோத்தோ அக்காவிடமிருந்து மின்னஞ்சல். தை மாதம் அண்ணா நகர்ப் பழைய வீட்டுக்காரர் பேத்தி கல்யாணத்துக்கு வருகிறார். அறை யார் பெயரில், எத்தனை பேருக்கு, தம்முடன் யார் தங்குவார்கள் என்று கேட்டிருந்தார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“ரூமா? மண்டபத்து மாடியில பெரிய ஹால் இருக்கும்மா. இல்லேன்னா நம்ம வீடு. யார் வேணா எங்க வேணா படுக்கலாம், வரச் சொல்லு.”

வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் நிரப்ப வேண்டும் என்று அவருக்கு நினைவூட்டினேன். அதெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்றார். எந்த மாப்பிள்ளை என்று சொல்லவில்லை.

அக்காவுக்கு இப்படி எழுதினேன்: தங்க இடம் உறுதி. எண்ணிக்கை இன்னும் முடிவாகவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. எப்போது முடிவாகும் என்று கேட்கிறார்.