ஆர்வலன் ஆடிய ஆட்டம்

'அமெச்சூர்' என்னும் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் யாது என்று மொழிபெயர்ப்பு வகுப்பில் மாணவர் ஒருவர் வினவினார். 'தொழில்முறை சாராதவர்' என்றும் 'பொழுதுபோக்காக ஆடுபவர்' என்றும் எழுதி வருகின்றனர். இரண்டும் எமக்கு நிறைவளிப்பனவல்ல. முன்னது எதிர்மறை, பின்னது ஏளனம். பிரெஞ்சு வழியாக இலத்தீனில் சென்று முடியும் அச்சொல்லின் வேரில் இருப்பது அன்பு. ஒன்றினை அன்பின் பொருட்டே பயில்பவர் என்பதே அதன் முதற்பொருள். எனவே, அன்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட 'ஆர்வலர்' என்னும் சொல்லையே யாம் பரிந்துரைத்தோம். அதற்கு எடுத்துக்காட்டாக எடுத்துரைத்தது அமெரிக்க நாட்டில் 1913ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு கோல்ஃப் ஆட்டம்.

கோல்ஃபுக்கும் தமிழ்த்துறைக்கும் என்ன உறவு என்று பெரியோர் வியக்கலாம். யாம் அவ்வாட்டக்கோலைக் கையால் தொட்டதும் இல்லை. கோலால் சிறு பந்தை அடித்து, பதினெட்டுக் குழிகளில் முறையே வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். இவ்வளவு அறிந்தால் இவ்வரலாற்றுக்குப் போதும்.

பாஸ்டன் நகரை அடுத்த புரூக்லைன் என்னும் ஊரில் 'தி கன்ட்ரி கிளப்' என்றொரு மன்றம் உண்டு. செல்வர்கள் கூடும் இடம். அதன் பதினேழாம் குழிக்கு எதிரே, கிளைடு தெருவின் மறுபக்கத்தில் இருந்தது பிரான்சிஸ் வீமெட்டின் வீடு. தந்தை ஆர்தர், கனடாவிலிருந்து குடியேறிய பிரெஞ்சு மரபினர். தோட்ட வேலை முதலியன செய்து குடும்பம் நடத்தியவர். பள்ளிக்குச் செல்லும் சிறுவன் மன்றத்துப் புல்வெளியைக் கடந்து செல்வான். தொலைந்துபோன பந்துகளைப் பொறுக்கிச் சேர்ப்பான். வீட்டின் பின்புறம் தக்காளி டப்பாக்களைப் புதைத்துக் குழிகளாக்கி, அண்ணனும் தம்பியும் ஆடிப் பழகினர். பின்னர் அம்மன்றத்திலேயே ஆட்டக்காரர்களின் கோற்பையைச் சுமக்கும் வேலை கிடைத்தது. அவ்வேலையாளை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லை அப்படியே தமிழில் 'கேடி' என்று எழுதினால் பொருள் விபரீதமாகிவிடும். ஆகவே 'பைதூக்கி' என்றே வைத்துக்கொள்வோம்.

1910ஆம் ஆண்டு ஆர்வலர்க்குரிய தேசியப் போட்டியில் கலந்துகொள்ள ஏதேனும் ஒரு மன்றத்தில் உறுப்பினராதல் வேண்டியிருந்தது. அதற்கான 25 டாலரை அன்னையிடம் கடனாகப் பெற்றான் பிரான்சிஸ். துணிக்கடையில் வேலை பார்த்து அக்கடனை அடைத்தான். தகுதிச் சுற்றில் வெல்லவும் இல்லை. உருப்படியான வேலை ஒன்றைப் பார் என்றார் தந்தை. அத்தந்தையை யாம் குறைகூற மாட்டோம். தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று தம் பிள்ளைகளிடம் வினவும் வாப்பாமார் பலரை யாம் அறிவோம். அவர்கள் கல்நெஞ்சினர் அல்லர். அடுத்த மாத வாடகையை எண்ணுபவர்கள். மாலையில் ஜவுளிக்கடையில் துணி மடித்து, இரவில் உரையாசிரியர்களைப் படித்து, காலையில் கண் சிவந்து வகுப்புக்கு வரும் எம் மாணவர்க்கு வீமெட்டின் கதையைச் சொல்லும்போது விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

1913இல் புரூக்லைனில் அமெரிக்க ஓப்பன் போட்டி நடைபெற்றது. இங்கிலாந்திலிருந்து வரும் ஹாரி வார்டன், டெட் ரே ஆகியோரின் வசதிக்காகவே அப்போட்டியை ஜூன் திங்களிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிவைத்தனர். வார்டன் அதற்குள் ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர். ரே முந்திய ஆண்டின் வெற்றியாளர். வீமெட்டுக்கு வயது 20. விளையாட்டுப் பொருள் கடையொன்றில் பணியாள். நான்கு சுற்றுகளின் முடிவில் மூவரும் 304 அடிகள் பெற்றுச் சமநிலையில் நின்றனர். இறுதிச் சுற்றில் பின்தங்கியிருந்த இளைஞன் சமநிலையை எட்டியது பதினேழாம் குழியில், அதாவது தன் வீட்டுக்கு எதிரில், நெடுந்தொலைவிலிருந்து பந்தை உருட்டி வீழ்த்தியதால்தான்.

மறுநாள், செப்டம்பர் 20, தீர்வாட்டம். மழையில் நனைந்து சேறாகிக் கிடந்த திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். வீமெட்டின் பைதூக்கி எடி லௌரி, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த பத்து வயதுச் சிறுவன். (ஆசிரியர் என்ற முறையில் இதனை ஆதரிக்க இயலவில்லை, எனினும் வரலாற்றை மறைக்கலாகாது.) அன்று காலை, அனுபவமுள்ள ஒருவர் அவ்விடத்தைத் தமக்குத் தருமாறு பணம் கொடுக்க முன்வந்தார். சிறுவன் இசையவில்லை. அவன் கண்கள் கலங்குவதைக் கண்ட வீமெட், எடியே வரட்டும் என்று முடித்துவிட்டான்.

இவ்விடத்தை எத்தனை முறை எண்ணினாலும் எமக்கு வியப்பே. வாழ்வின் மிகப்பெரிய நாளில், உலகின் இருபெரும் வல்லுநர்களை எதிர்கொள்ள நிற்பவன், தனக்கு எது நலம் என்று கணக்கிட்டிருக்கலாம். கணக்கிடவில்லை. அவனும் பை தூக்கியவன் அல்லவா!

முதல் ஒன்பது குழிகளில் மூவர்க்கும் 38 அடிகள். பத்தாம் குழியில் வீமெட் ஓரடி முந்தினான். பதினைந்தில் ரே வீழ்ந்தார். பதினேழில் வார்டன் துணிந்து அடித்த பந்து மணற்குழியில் புதைந்தது; அவர் அக்குழியை முடிக்க ஐந்து அடிகள் ஆயின. வீமெட்டுக்கு மூன்றே. அம்மணற்குழிக்கு வார்டனின் பெயரே நிலைத்துவிட்டது. முடிவில் வீமெட் 72, வார்டன் 77, ரே 78. அப்போட்டியில் ஆர்வலர் ஒருவர் வாகை சூடியது அதுவே முதன்முறை. கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது. எடிக்காகத் தொப்பியேந்திப் பணம் திரட்டியது.

வெற்றிக்குப் பின்னரும் வீமெட் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகவில்லை. ஆயினும், விளையாட்டுப் பொருள் கடை நடத்துகிறான் என்பதைக் காரணம் காட்டி, 1916இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவனது ஆர்வலர் தகுதியைப் பறித்தது. செல்வர்க்கு இடர் தராத விதி, பிழைப்புக்குக் கடை வைத்தவனை மட்டும் சுட்டது என்றே யாம் கருதுகிறோம். அவன் இராணுவத்தில் சேர்ந்தபின் 1918இல் தகுதி மீண்டது. 1931இல், தன் 38ஆம் வயதில், ஆர்வலர்க்குரிய தேசியப் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்றான்.

1949இல் நண்பர்கள் அவர் பெயரால் ஓர் உதவித்தொகை நிதியை நிறுவினர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கோல்ஃப் திடல்களில் பை தூக்கியும் பிற வேலை செய்தும் பொருளீட்டும் மாணவர்கள் கல்லூரியில் பயில அது உதவுகிறது. எடி லௌரி வளர்ந்து, கலிபோர்னியாவில் மோட்டார் வாகன வணிகத்தில் பெருஞ்செல்வரானார். 1967இல் வீமெட் மறையும்வரை அந்நட்பு அறுபடவில்லை. இருவரும் சேர்ந்து நடக்கும் 1913ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று உண்டு. நெடிய இளைஞன் முன்னோக்கி நடக்கிறான். ஏறத்தாழத் தன் உயரமே இருக்கும் பையைச் சுமந்து, தோளில் துண்டுடன், சிறுவன் அருகில் விரைகிறான்.