விற்கப்போகும் வீட்டுக்கு ஒப்பனை

"கார்ப்பெட்டைச் சுருட்டினபடியே வையுங்கோ தம்பி, முதல்ல சோபா உள்ள வரட்டும்." ஸ்கார்பரோவில், மார்க்கம் சாலையை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் நின்று அக்கா சொல்ல, இரண்டு இளைஞர்கள் லாரியிலிருந்து சோபாவை இறக்கினார்கள். விற்பனைக்கு வரும் வீட்டை, வாங்குகிறவர் கண்ணுக்கு ஏற்ப ஒழுங்குசெய்து கொடுப்பது இவர்கள் தொழில். டொராண்டோத் தமிழர்கள் 'ஸ்டேஜிங்' என்றே சொல்கிறார்கள்.

சோபா சிறியது, பெரியதைப் போட்டால் கூடம் குறுகித் தெரியும். விருந்தினர் அறைக் கட்டிலில் மெத்தையே இல்லை. காற்றடைத்த பை, மேலே வெள்ளை விரிப்பு, வரிசையாகத் தலையணைகள். மஞ்சளும் வெள்ளையுமாக எரிந்த பல்புகளைக் கழற்றி எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்கு மாற்றினார்கள். இல்லாவிட்டால் புகைப்படத்தில் சுவர் திட்டுத்திட்டாக விழும். இளைஞர்களுக்கு மணிக்கணக்கில்தான் கூலி. மாடிப்படியில் ஏற்றும்போது சுவரில் கீறல் விழுந்தால் பெயிண்ட் பூசுவதும் அவர்கள் தலையில்.

கொண்டுவந்து வைப்பதைவிட எடுத்து ஒளிப்பதுதான் பெரிய வேலை. கல்யாணப் படம், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம் எல்லாம் பெட்டிக்குள் போயின. சாமியறையில் வந்து வேலை நின்றது. "விளக்கு ஏத்துற இடம், அதை எப்பிடிப் பிள்ளை கழட்டுறது?" என்றார் வீட்டுக்கார அம்மா. அக்கா வாதாடவில்லை. "மகள் வீட்டில கொண்டுபோய் வையுங்கோ அம்மா. வீடு வித்த பிறகு புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம்." படங்களை அம்மாவே துணியில் சுற்றினார், யாரையும் தொட விடவில்லை. அடுப்படிக்கும் ஒரு கட்டளை: வீடு விற்கும்வரை மீன் பொரிக்கக் கூடாது. எனக்கு அது உறுத்தியது. ஆனால் வருகிறவர் யாரென்று தெரியாத சந்தையில் அக்கா சொல்வதுதான் செல்லும்.

2022 பிப்ரவரியில் டொராண்டோ வட்டாரத்தில் வீட்டின் சராசரி விலை 13 லட்சம் டாலரைத் தாண்டியது. வீட்டுப் பரிசோதனை நிபந்தனைகூட வைக்காமல் பலர் முண்டியடித்து வாங்கிய காலம். அதன்பிறகு கனடா மத்திய வங்கி, 0.25 சதவீதமாக இருந்த அடிப்படை வட்டியை 2023 ஜூலைக்குள் 5 சதவீதமாக்கியது. வாங்குகிறவர்கள் பின்வாங்க, போட்டி விற்பவர்கள் பக்கம் திரும்பியது. செல்போனில் படத்தைப் பார்த்துத் தள்ளிவிட்டவர் வாசற்படி ஏறப்போவதில்லை. அவரை வாசல்வரை வரவழைப்பதே ஸ்டேஜிங்கின் மதிப்பு. ஒழுகும் கூரைக்கு அது மருந்தாகாது. வெற்று வீடென்றால் வாடகைச் சாமான் அவசியம், ஏனென்றால் காலி அறையில் கட்டில் கொள்ளுமா என்று பலருக்கு மட்டுக்கட்டத் தெரியாது. குடியிருக்கும் வீட்டில், கையில் காசு குறைவென்றால், துப்புரவும் பெயிண்டும் போதும் என்பேன்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தலையணைகளைப் பார்த்தது போதும், பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். சுவரில் ஈரம் இருக்கிறதா, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எத்தனை வருடப் பழசு என்று கேளுங்கள். பரிசோதகரை அழைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.