அப்பா கண்ட அஸ்கிரிய

மனிதர்க்கு வாழ்நாள் உண்டு என்பது போல மைதானங்களுக்கும் வாழ்நாள் உண்டு. இலண்டன் மாநகரில் 1913ஆம் ஆண்டு முதல் உதைபந்தாட்டம் நிகழ்ந்துவந்த ஹைபரி மைதானம் 2006இல் மூடப்பட்டது. இன்று அதன் பார்வையாளர் கூடங்கள் குடியிருப்புகளாகவும், ஆடுகளம் அக்குடியிருப்போரின் தோட்டமாகவும் மாறியுள்ளன. இத்தகைய பழைய மைதானங்களைப் பற்றி முதிய ரசிகர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த வாயிலால் நுழைந்தோம், யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு சென்றோம், மழை வந்தபோது எங்கே ஒதுங்கினோம் என்பவற்றையே அவர் முதலிற் கூறுவார். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது பின்னரே வரும்.

எங்கள் கண்டி நகரிலும் அத்தகைய மைதானம் ஒன்று உண்டு. அதுவே அஸ்கிரிய. அங்கு ஒரு டெஸ்ட் போட்டியையேனும் நான் கண்டதில்லை. இறுதிப் போட்டி நடைபெற்ற வேளையில் நான் பாடசாலைக்குச் செல்லும் வயதினை அடைந்திருக்கவில்லை. எனினும் அம்மைதானத்தின் ஒவ்வொரு படிக்கட்டும் எனக்குத் தெரியும். அப்பாவின் வாய்மொழியால் அறிந்த அந்த அஸ்கிரியவைப் பற்றியும், அவ்வாய்மொழியில் நான் அண்மையிற் கண்ட ஒரு பிழையைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஸ்கிரிய, திரினிற்றிக் கல்லூரிக்குச் சொந்தமான மைதானம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின் சரிவை வெட்டிச் சமப்படுத்தி அமைக்கப்பட்டது. பாடசாலை ஒன்றின் மைதானம் டெஸ்ட் அரங்காக விளங்குவது உலகில் மிக அரிது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியைக் கொழும்பில், சரவணமுத்து என்ற தமிழரின் பெயரைத் தாங்கிய மைதானத்தில் ஆடியது. அடுத்த ஆண்டு ஏப்ரிலில் அஸ்கிரியவின் முறை வந்தது. அன்று தொடங்கி 2007 டிசெம்பர் வரை இருபத்தொரு டெஸ்ட் போட்டிகள் அக்குன்றின் மீது நடைபெற்றன.

அப்பா பிறந்து வளர்ந்தது ஹந்தானைத் தோட்டத்து லயன் ஒன்றில். நகரின் ஒருபுறத்து மலையில் அவர் வீடு. மறுபுறத்து மேட்டில் அஸ்கிரிய. பெரியாஸ்பத்திரிப் பக்கமாக இறங்கி, உதைபந்தாட்டத்துக்குப் பெயர்போன போகம்பறை மைதானத்தையும் அதற்கு அண்மையிலிருந்த சிறைச்சாலையின் உயர்ந்த மதிலையும் கடந்து, கடைவீதிகளுக்கூடாக நடந்து, மீண்டும் ஒரு மேடு ஏறவேண்டும். 1983 ஏப்ரிலில் அவ்வழியே அவரை அழைத்துச் சென்றவர் பெரியப்பா. அப்போது அப்பாவுக்கு வயது பதினைந்து. எதிரணி அவுஸ்திரேலியா. வெசல்ஸ் 141, ஹூக்ஸ் ஆட்டமிழக்காமல் 143 என்று அவர்கள் நான்கு இலக்குகளுக்கு 514 ஓட்டங்களைக் குவித்தார்கள். இலங்கை ஓர் இன்னிங்சாலும் 38 ஓட்டங்களாலும் தோற்றது. "தோற்றதைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை, அவ்வளவு பெரிய ஆட்களை அவ்வளவு கிட்டப் பார்த்தோமே என்பதுதான்" என்பார் அப்பா. பெரியப்பா வாங்கித் தந்த கடலைச் சுருளின் உப்பைக்கூட அவர் மறக்கவில்லை.

மூன்று மாதங்கள் கழிந்தன. யூலை மாதம் வந்தது. கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. ஹந்தானைச் சரிவிலே தேயிலைச் செடிகளுக்கிடையில் படுத்திருந்து, நகரத்தின் மேல் எழுந்த புகையை அப்பாவும் பெரியப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அடுத்த ஆண்டு பெரியப்பா இந்தியா சென்றுவிட்டார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்கள் நாங்கள். அப்பங்கீட்டில் அண்ணன் நீலகிரி மாவட்டத்துக் கூடலூருக்கும், தம்பி ஹந்தானைக்கும் என்றாயிற்று. அதன்பின் பல்லாண்டுகள் அப்பா அஸ்கிரிய மேட்டில் ஏறவில்லை. நகரத்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்; பஸ்ஸில் தமிழிற் பேசுவதைத் தவிர்த்தார்; பிரசாவுரிமைச் சான்றிதழைப் பொலித்தீன் பையொன்றில் இட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடமாடினார்.

அவரை மீண்டும் அம்மேட்டுக்கு இழுத்தவர் முத்தையா முரளிதரன். 1972ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவர். பாட்டனார் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை. 1977ஆம் ஆண்டின் வன்செயல்கள் அக்குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. 1995 டிசெம்பரில் மெல்பேண் நகரில் நடுவர் ஒருவர் அவருடைய கை வளைவு விதிக்குப் புறம்பானது எனக் கருதி ஏழு முறை 'நோ போல்' அறிவித்தபோது, இந்நாடு முழுவதும் முரளியின் பக்கம் திரண்டது. கடையில் தன்னோடு வேலை செய்த சிங்கள நண்பரும் வானொலிப் பெட்டியருகே நின்று தன்னைவிட அதிகம் கொதித்ததை அப்பா இன்றும் வியப்போடு கூறுவார். அந்நண்பரை நான் மாமா என்று அழைப்பேன்.

அம்மாமாவுடனேயே அப்பா 1996 மார்ச் 6ஆம் திகதி அஸ்கிரியவுக்கு மீண்டும் சென்றார். கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்த காலம் அது. கொழும்பில் ஆடுவதற்கு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்துவிட்டன. வழியெங்கும் சோதனைச் சாவடிகள். அத்தகைய நாளொன்றில் உலகக் கிண்ணப் போட்டியில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 398 ஓட்டங்களைப் பெற்றது. அரவிந்த டி சில்வா மாத்திரம் 145. ஒருநாட் போட்டிகளில் அன்றைய உலகச் சாதனையான அவ்வெண்ணிக்கை பத்தாண்டு காலம் நிலைத்தது. பதினொரு நாட்களின் பின் கிண்ணமும் இலங்கைக்கு வந்தது. சோதனைச் சாவடியில் ஒருமுறைக்கு இருமுறை நிறுத்தப்பட்ட தானும், நிறுத்தப்படாத மாமாவும் ஒரே படிக்கட்டில் நின்று கூச்சலிட்டதை அப்பா எவ்விதக் கருத்துரையுமின்றிக் கூறிச் செல்வார். கருத்துரைப்பது என் வயதின் வழக்கம், அவருடையதன்று.

பின்வந்த ஆண்டுகளில் அஸ்கிரிய முரளியின் மைதானமாகவே ஆயிற்று எனலாம். 1998 சனவரியில் சிம்பாப்வே அணிக்கெதிராக ஒரே போட்டியில் பன்னிரண்டு இலக்குகள். 2002 சனவரியில் அதே அணிக்கெதிராக ஓர் இன்னிங்சில் 51 ஓட்டங்களுக்கு ஒன்பது இலக்குகள். 1999 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவை இலங்கை முதன்முறையாக டெஸ்ட் போட்டியில் வென்றதும் இம்மேட்டிலேயே. ஸ்டீவ் வோவும் கில்லெஸ்பியும் பந்தைப் பிடிக்க ஓடி மோதிக்கொண்டு, ஒருவர் மூக்கையும் மற்றவர் காலையும் முறித்துக்கொண்டதும் அப்போட்டியிலேதான். இவற்றையெல்லாம் அப்பா அரைநாள் விடுப்பிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கண்டார்.

ஆயினும் அவர் மனத்தில் ஆழமாகத் தைத்திருப்பது 2001 ஓகஸ்ட் மாதத்துப் போட்டி. எதிரணி இந்தியா. எம்மவர்க்கு அது ஒரு சோதனையான வாரம். "உங்களுடைய ஆட்கள் வந்திருக்கிறார்களே, யாருக்குக் கைதட்டப் போகிறாய்?" என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் கேட்டார்களாம். கேட்டவர் சிலர் வேடிக்கையாகக் கேட்டனர். சிலர் அவ்வாறு கேட்கவில்லை. அப்போட்டியின் இரண்டாவது இன்னிங்சில் இலங்கை சரிந்துகொண்டிருந்த வேளையில், துடுப்பாட்டத்துக்குப் பெயர்போகாத முரளி களமிறங்கி 67 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய டெஸ்ட் வாழ்வில் அதுவே மிகக் கூடிய எண்ணிக்கை. "அடி முரளி, அடி!" என்று அப்பா தன்னை மறந்து தமிழிற் கத்தினார். பதினெட்டு ஆண்டுகளின் பின் பொது இடமொன்றில் உரத்த குரலில் தமிழ் பேசியது அன்றுதான் என்பது அவர் கணக்கு. சுற்றியிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். பின் அவர்களும் தத்தம் மொழியிற் கத்தினர். இந்தியாவே ஏழு இலக்குகளால் வென்றது. அன்றிரவு கூடலூரிலிருந்து தொலைபேசியில் அழைத்த பெரியப்பா இந்தியாவின் வெற்றியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "தம்பி, முரளி அடித்ததை நேரிலே பார்த்தாயா?" என்றுதான் கேட்டார்.

இனி, 2007 டிசெம்பர் 3ஆம் திகதிக்கு வருவோம். அது ஒரு திங்கட்கிழமை. எதிரணி இங்கிலாந்து. ஷேன் வோனின் 708 இலக்குகள் என்ற உலகச் சாதனையை முரளி முதல்நாளே எட்டிவிட்டார். அடுத்த இலக்குக்காக ஊரே காத்திருந்தது. அன்று காலை கொலிங்வூட் முரளியின் பந்தில் ஆட்டமிழக்க, 709ஆவது இலக்கு வீழ்ந்தது. சொந்த ஊரில், பெற்றோர் பார்த்திருக்க, பட்டாசுகள் முழங்க நிகழ்ந்த சாதனை அது. பந்து தரையிற் பட்டுத் திரும்பியதையும், விக்கெட் சரிந்ததையும், அணியினர் முரளியை மொய்த்துக்கொண்டதையும் அப்பா கையை வீசிக் காட்டிச் சொல்லாத பண்டிகை நாள் எங்கள் வீட்டில் இல்லை. தன் கண்ணாற் கண்டேன் என்பதே அவர் கதையின் முடிவு.

சென்ற ஆண்டு அக்காவின் திருமணத்துக்கு வந்திருந்த மாமாவிடம் அக்கதையை நான் எடுத்தபோது அவர் சிரித்துவிட்டார். "நாங்கள் எங்கே பார்த்தோம், மகன்? முதலாளி விடும்போதே நேரமாகிவிட்டது. பாதி மேடு ஏறும்போது வெடிச் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் ஓடினோம்" என்றார். எனக்கு அது சிறிய அதிர்ச்சியன்று. வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவன் நான். கண்ணாற் கண்ட சாட்சிக்கும் கேட்டறிந்த சாட்சிக்கும் உள்ள வேறுபாட்டை விரிவுரை மண்டபத்திற் கற்றுக்கொண்டு, வீட்டிலே பிறந்தநாள் முதல் ஒரு பொய்ச் சாட்சியத்தைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. 1983ஆம் ஆண்டின் கடலைச் சுருளையும், புகையையும்கூட ஐயுறத் தலைப்பட்டேன்.

சில வாரங்கள் கழித்து அப்பாவை அஸ்கிரியவுக்கு அழைத்துச் சென்றேன். சர்வதேசப் போட்டிகள் பல்லேகலைக்குச் சென்றுவிட்டன. அங்கு முதலாவது டெஸ்ட் 2010 டிசெம்பரில் நடைபெற்றது. அஸ்கிரிய மீண்டும் பாடசாலை மைதானமாயிற்று. பிள்ளைகள் சிலர் வலைக்குள் பந்து வீசிக்கொண்டிருந்தனர். மாமா கூறியதை அப்பாவிடம் கூறினேன். அவர் மறுக்கவில்லை. சற்று நேரம் வாயிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த இடத்திலேதான் நாங்கள் மூச்சிரைக்க வந்து நின்றோம். காவலாளி டிக்கெட் கேட்கவில்லை. 'அபே முரளி, அபே முரளி' என்று சொல்லிக்கொண்டே எங்களை உள்ளே தள்ளினான். 'எங்கள் முரளி' என்றான், விளங்குகிறதா? பந்தைத் தொலைக்காட்சியில் நூறு தடவை பார்த்துவிட்டேன். அது நான் பார்த்ததுபோலவே ஆகிவிட்டது. ஆனால் இவன் சொன்னதை எந்தத் தொலைக்காட்சியில் காட்டினார்கள்?"

"அவர் முரளியைத்தானே அப்பா அப்படிச் சொன்னார்? உங்களையில்லையே" என்றேன். என் சொற்களின் கூர்மை எனக்கே பிடிக்கவில்லை.

"அது எனக்குத் தெரியாதா? முரளிக்குச் சொன்னதுதான். ஆனாலும் பக்கத்தில் நின்றவன் நான்."

இந்த மறுமொழியை வைத்துக்கொண்டு, விளையாட்டு மக்களை ஒன்றுபடுத்தும் என்ற பழகிய முடிவுக்கு நான் வரப்போவதில்லை. 709 இலக்குகளால் ஒரு லயன் வீட்டின் கூரைகூட மாறியதில்லை. எம்மக்களிற் பெருந்தொகையினர்க்குப் பிரசாவுரிமை முழுமையாகக் கிட்டுவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. எந்தப் பந்துவீச்சாளரும் அதனை வாங்கித் தரவில்லை. 'எங்கள்' என்ற சொல் அன்று மைதான வாயிலில் எளிதாக வந்தது; மறுநாள் பஸ்ஸில் அது அவ்வளவு எளிதாக வந்திராது. இதனை அப்பா என்னைவிட நன்கு அறிவார். அறிந்துகொண்டே அச்சொல்லை அவர் பதினாறு, பதினேழு ஆண்டுகளாகக் காத்து வைத்திருந்தார் என்பதே நான் கற்றுக்கொண்டது. அதை நேரே சொல்லக் கூச்சப்பட்டு, அதற்குப் பதிலாகக் கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சொல்லி வந்திருக்கிறார். பழைய மைதானங்களைப் பற்றிய நினைவுகளைக் கேட்போர், அவை உண்மையா என்று சரிபார்ப்பது நன்றே. அத்துடன், எதைச் சொல்ல முடியாமல் இதைச் சொல்கிறார் என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

அண்மையில் தீபாவளிக்கு வந்திருந்த அத்தானுக்கு அப்பா அக்கதையைச் சொன்னார். கையை வீசிக் காட்டவில்லை. கடை முதலாளியிடம் விடுப்புக் கேட்டதிலிருந்து தொடங்கி, மேட்டைக் கடந்து, வாயிலில் வந்து நிறுத்தினார்.