மின்மினி பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு

கோலசிலாங்கூருக்குப் பாய், தூக்குச்சட்டியோடு வேனில் போய் அன்றே திரும்புவதா, விடுதியில் அறை எடுப்பதா? ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்தவர்களே, உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. தஞ்சோங் மாலிம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

பகல் மட்டுமென்றால் வேனே போதும். மெலாவத்தி குன்றில், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தருகே புளிச்சோற்றைப் பிரிக்கலாம். குரங்குகள் பங்கு கேட்கும். சட்டியை மூடியே வையுங்கள்!

ஆனால் கம்போங் குவாந்தானில், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுசேர்ந்து மின்னுவது இருட்டிய பிறகுதான் தெரியும். பார்த்துவிட்டு, தூங்கி விழும் பிள்ளைகளோடு, களைத்துப்போன ஓட்டுநரை நம்பிச் செம்பனைக் காட்டு வழியே திரும்ப வேண்டுமே! விடிந்தால் பிரட்டு வேறு.

அமாவாசையை ஒட்டிய, மழையில்லாத சனிக்கிழமையாகப் புறப்படுங்கள். அறைக்குக் கொஞ்சம் வெள்ளி சேர்த்து வையுங்கள். சோறு மட்டும் வீட்டிலிருந்தே போகட்டும். படகில் டார்ச் அடிக்காதீர்கள்.