ஒரு சொட்டு பெட்ரோலும் தங்கவயலும்

பங்காருப்பேட்டையைத் தாண்டித் தங்கவயல் சாலையில் திரும்பியதும் காருக்குள் பெட்ரோல் வாடை வீச ஆரம்பித்தது. என்னுடைய 1986-ம் வருட பிரீமியர் பத்மினி அடிக்கடி எதற்காவது முனகும் வண்டிதான். ஆனால் இது வேறு. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டரின் மூடிக்கு அடியிலிருந்து பெட்ரோல் கசிந்து, சூடான எஞ்சின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டிப் பார்க்கிற விஷயமல்ல இது. ஒரு பொறி போதும். எஞ்சினை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மரநிழலில் காத்திருந்தேன். அந்த வழியே வந்த ஒரு டெம்போக்காரர் கயிறு கட்டி ராபர்ட்சன்பேட்டை வரை இழுத்துப் போனார். “எந்த ஊரு சார்?” என்று தமிழில்தான் கேட்டார். கர்நாடகத்தில் இருந்தாலும் கோலார் தங்கவயலின் தெருப் பேச்சு தமிழ்தான்.

காரணம் சுரங்கம். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே தங்கம் தோண்ட வந்தபோது, வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தலித் குடும்பங்கள் சாரிசாரியாக வந்து சேர்ந்தன. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த சுரங்கங்களை, “கட்டுப்படியாகவில்லை” என்று 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள்.

டெம்போக்காரர் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக்குக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி யாராவது கை வெச்சாங்களா?”

வைத்தார்கள். போன மாதம் பெங்களூரில் ஒருவர் மூடியின் ஸ்க்ரூக்களை இறுக்கிவிட்டு, மறுபடி கசிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் இவர் சிரித்தார்.

கார்புரேட்டரின் உள்ளே இருப்பது வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் அதே தத்துவம். பம்ப்பிலிருந்து வரும் பெட்ரோல் சிறு தொட்டியில் நிரம்புகிறது. மட்டம் ஏறினால் மிதவையும் ஏறுகிறது. அது ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிறது. ஊசி தேய்ந்தாலோ, நுனியில் தூசி சிக்கினாலோ வழி அடைபடாது. பெட்ரோல் தொட்டியை மீறி மூடியின் இடுக்கு வழியாக வெளியே வரும். அப்போது ஸ்க்ரூவை இறுக்குவது வியாதியை விட்டுவிட்டு வாயைப் பொத்துகிற வைத்தியம். மென்மையான உலோக மூடி அதில் வளைந்துபோகும். இடுக்கு இன்னும் பெரிதாகும்.

அதுதான் நடந்திருந்தது. ஊசியின் நுனியில் மோதிரம் போட்டதுபோல் தேய்மானக் கோடு. மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் புகவில்லை. மூடியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தபோது ஒரு மூலை தூக்கி நின்றது.

“புதுசு கிடைக்காதா அண்ணா?” என்றேன்.

“கிடைக்கும் சார், நகல். அதையும் சரி பண்ணித்தான் மாட்டணும். அதுக்கு இதையே சரி பண்ணிடலாம்.”

கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, மூடியை எட்டு போடுவதுபோல் தேய்க்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் அவசரமே இல்லாமல் தேய்த்தார். பிறகு விளிம்பில் ஆயில் தடவி, பேக்கிங் ஷீட்டில் அச்செடுத்துக் கத்தரித்தார். ஊசி வால்வு மட்டும் புதிது. மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, ஊசியை விரலால் மெல்ல அழுத்தியபடி பெட்ரோல் குழாயில் வாய் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். பழைய ரப்பர் குழாயையும் மாற்றச் சொன்னார். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

இந்தப் பொறுமையை அவர் எங்கே கற்றார்? அப்பா சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். “சீமையிலேருந்து பார்ட்ஸ் வர்ற வரைக்கும் சுரங்கம் காத்திருக்குமான்னு கேப்பாரு எங்கப்பா. எதுவா இருந்தாலும் இங்கயே செஞ்சுடுவாங்க.” சுரங்கம் மூடிய பிறகு அந்த வித்தையில் ஒரு துணுக்கு இந்தத் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறது.

அடுத்த தலைமுறையிடம் அதுவும் இல்லை. அவருடைய மகன் பெங்களூரில் கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறார். விடிவதற்கு முன் ரயில் பிடித்து, இரவு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான தங்கவயல்காரர்களில் ஒருவர். “அங்க கம்ப்யூட்டர்ல பாத்து, பார்ட்டை மாத்துவாங்க சார். திறந்து பாக்கிறது கிடையாது.” குறையாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வருகிறதே. 2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, புதிய கார்களிலிருந்து கார்புரேட்டரே போய்விட்டது. மகன் இதைக் கற்று என்ன செய்வார்?

மூன்று மணி நேர வேலைக்கு அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் பெங்களூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார்.

நான் பார்க்க வந்த சயனைடு மலைகளுக்கு வெயில் சாயும் நேரத்தில்தான் போக முடிந்தது. தாதுவை அரைத்து, சயனைடில் அலசித் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண், 3 கோடி டன்னுக்கு மேல் ஊருக்கு நடுவே குன்றுகளாகக் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு வீடுகளுக்குள் வருகிறது. கழிவு என்று ஒதுக்கிய இந்த மண்ணிலும் தங்கம் மிச்சமிருக்கிறது. அதை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் தந்தது. மண்ணில் மிஞ்சியதற்குக் கணக்கு இருக்கிறது. தகரக் கொட்டகையில் மிஞ்சியிருப்பதை எந்த அமைச்சரவையும் கணக்கெடுக்கவில்லை.

திரும்பும்போது பங்காருப்பேட்டை வரை மூக்கைத் தீட்டிக்கொண்டே வந்தேன். வாடை வரவில்லை. எதிரே பெங்களூர் ரயில், வேலை முடிந்து வருகிறவர்களைச் சுமந்துகொண்டு மாரிக்குப்பம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.